கொல்லை வீட்டு வாசல்

எத்தனை நாள் என்று வெட்டென்று கேட்டோமா, இல்லை எத்தனை நாளைக்கு இருப்பார் என்று கொஞ்சம் சிரிப்பைத் தடவிக் கேட்டோமா என்று தாட்சாயிணி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தனக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறாள். சிரிப்பைத் தடவினால் மட்டும் என்ன, சர்க்கரை தடவினாலும் மாத்திரை மாத்திரைதானே என்று தீர்ப்பையும் அவளே சொல்லிக்கொள்கிறாள், ஆனாலும் விசாரணை முடிகிற பாடாக இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது. இன்று நிறுத்தப்போகிற வாசல் நிலைக்குத் தெளிக்கக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மீதியில் ஆட்களுக்குக் காபி போட வேண்டும், பொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டு விசேஷத்தில் பால் பொங்கினால் நல்லதுதான், ஆனால் பர்னரை யார் கழுவுவது. ஜன்னல் கம்பிக்கு அப்பால் கொல்லை. கொல்லை என்று இன்னும் சொல்லலாமா தெரியவில்லை, போன மாதம் வரை துணி காயப்போடவும் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டு மறந்துபோகவும் இருந்த இடம், இப்போது முழங்கால் உயரத்துக்கு பேஸ்மட்டம் எழும்பி, மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. பின்சந்தை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது வாசக்கால், வேங்கை மரம், நேற்று ஆசாரி குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கியது. இதை முதலில் நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, அப்புறம்தான் இரண்டு பக்கமும் சுவர் எழும்ப வேண்டும். அருளப்பன் மேஸ்திரியும் அவருடைய இரண்டு ஆட்களும் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து அவரவர் போனுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார், இப்போது மணி ஒன்பது பத்து. மாவிலை வாங்க மறந்துபோய்விட்டது. மறந்தது அவள்தான். அதற்காகப் பூபாலன் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் நாலு நாளைக்குச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

மாவிலையை மறந்ததற்கும் காரணம் அந்தக் கேள்விதான். லிஸ்டு எழுத உட்கார்ந்தபோது மஞ்சள், குங்குமம், நவதானியம், தேங்காய் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று மேகலாவின் முகம் வந்து குறுக்கே நின்றது, லிஸ்டு அதோடு நின்றுவிட்டது. மேகலா நல்ல பெண். தெருக்கோடியில் இருக்கிற நர்சரி பள்ளியில் தாட்சாயிணி ஆபீஸ் வேலை பார்க்கிறாள், மேகலா யூகேஜி டீச்சர், இரண்டு வருஷமாக மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சில். புருஷன் என்று ஒருவன் இருந்தான், இப்போது இல்லை, அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், பேச வேண்டிய அவசியமும் இல்லை. அம்பத்தூரில் லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஒரு ரூம், அதில் கதவோரத்துக் கட்டில் இவளுடையது. அப்பா துரைக்கண்ணு அரக்கோணத்தில், பெரிய மகன் வீட்டில் மூன்று மாசம், சின்னவன் வீட்டில் மூன்று மாசம் என்று பந்து மாதிரி. ஒரு வீடு கிடைத்தால் அப்பாவைக் கூட்டி வந்துவிடுவேன் என்று மேகலா சொல்லாத நாள் கிடையாது. கிடைத்தால்தானே. திருமுல்லைவாயல் முழுக்க அவள் ஏறி இறங்காத படி இல்லை. கம்பெனிகள் வந்தன, பழைய வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகள் எழும்பின, ஃபிளாட்டில் கேட்கிற வாடகைக்கு ஒரு டீச்சர் சம்பளம் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். வாடகை தோதாக இருக்கிற இடத்தில் சைவம் மட்டும் என்று போர்டு, போர்டு இல்லாத இடத்தில் தனிப் பொம்பளையா என்று இழுக்கிற வாய். ஒருநாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே மேகலா சொன்னாள், "கிடைக்காதும்மா, விடுங்க, எனக்கு ஹாஸ்டலே பழகிடுச்சு." அந்த விடுங்க தாட்சாயிணிக்குத் தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வாய் தானாகச் சொன்னது, எங்க கொல்லை சும்மாதானே கிடக்கு.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது. தெருவில் நாற்பது வீடு, நாற்பது கொல்லை, ஒவ்வொன்றிலும் ஓர் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த சைக்கிள், யாரும் ஏறாத கொய்யா மரம். மனிதர்கள் படுக்க இடமில்லாமல் கதவோரத்துக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள், நாற்காலி கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. பூபாலன் முதலில் மாட்டவே மாட்டேன் என்றார். தெருவில் வேறு கிண்டல்: பூபாலன் ரிட்டயரான வயசில் சின்ன வீடு கட்டுகிறாராமே என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், மனிதர் அன்று முழுக்க வாசல் பக்கம் தலை காட்டவில்லை, அதற்கப்புறம் யார் வாயிலும் கொல்லை வீடு என்றுதான் வர வேண்டும் என்று உத்தரவு. ஆனால் அளவு பார்க்க மேஸ்திரி வந்த அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். பேப்பரில் பிளான் எல்லாம் இஞ்சினியர் போட்டு அனுமதி வாங்கியது. தரையில் எங்கே எது என்று கோலப்பொடியால் கோடு இழுத்தது தாட்சாயிணி. பத்துக்குப் பத்தில் ஒரு ரூம், பக்கத்தில் ஒட்டினாற்போல் சமையல்கட்டு, மூலையில் பாத்ரூம், வாசல் கிழக்கே பார்த்து. யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது, நேர்நேராக ஐந்து கோடு, குனிந்து நிமிர்ந்தபோது ஒரு வீடு கிடந்தது. கோலம் போடற கைக்கு வீடு போடத் தெரியாதா என்று மேஸ்திரிகூட மெச்சினார். அந்த மெச்சலை நினைத்தால் இப்போது இனிக்கவில்லை, ஏன் என்று பிடிபடவில்லை.

நேற்று மேகலா வந்தாள். பேஸ்மட்டத்தின் மேல் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள், இன்னும் மண்ணாகத்தான் இருக்கிறது என்றாலும் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள், ரூம் நடுவே நின்று சுற்றிப் பார்த்தாள். இங்க அப்பா கட்டில் என்றாள். இங்க ஒரு ஸ்டூல், அவருக்கு ரேடியோ வேணும் என்றாள். கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாளாக இங்கேதான் அம்பத்தூரில் சித்தி வீட்டில் இருக்கிறாராம், கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாராம், நாளைக்கு நிலை வைக்கும்போது கூட்டி வரட்டுமா என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவள், "அப்பா எங்கூடவே வந்துருவாரும்மா" என்றாள், சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது, உடனே, ஒரு மூச்சுகூட இடைவெளி விடாமல், தாட்சாயிணியின் வாயிலிருந்து வந்தது: "எத்தனை நாள்?" மேகலா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, அதுதான் கொடுமை, கோபமிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். ஹாஸ்டல் வார்டனிடமும் வீட்டு புரோக்கரிடமும் காட்டுகிற முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து நடை வழியாக முன்கேட்டுக்குப் போனாள், போகும்போது கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினாள். அந்தச் சத்தமில்லாத கேட்டுதான் தாட்சாயிணியைத் தூங்கவிடவில்லை.

எங்கிருந்து வந்தது அந்தக் கேள்வி. கேட்டது தானில்லை, சத்தியமாகத் தான் கேட்கவில்லை, வாய் தன்னுடையது, கேள்வி வேறொருத்தியுடையது. கேள்விக்குச் சொந்தக்காரி யாரென்று அவளுக்குத் தெரியும், நேற்று அந்த நொடியிலேயே தெரியும், தெரிந்ததைப் பார்க்காமல் இருக்கத்தான் வெங்காயம் உரித்தாள், லிஸ்டு எழுதினாள், மாவிலையை மறந்தாள். அயனாவரத்தில் பங்கஜவல்லியம்மா. வீட்டுக்காரம்மா. பதினோரு வருஷம் அவர்கள் கொல்லையில் கட்டியிருந்த வீட்டில்தான் இவர்கள் குடித்தனம். கெட்ட மனுஷி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோவில் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனது அந்த அம்மாதான், கறிவேப்பிலை கேட்காமலே கொடுப்பாள், ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் வந்துவிடும். என்ன, அவளுடைய சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இவர்கள் வாசல். யார் வந்தாலும் ஜன்னல் பார்க்கும், என்ன மீன் வாங்கினாலும் ஜன்னலுக்குத் தெரியும், வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று ஜன்னல் எண்ணும். தாட்சாயிணியின் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்ட வருஷம், டாக்டரைப் பார்க்க வந்தவர், வந்து ஒன்பதாம் நாள், கரண்டியும் கையுமாக ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், "அப்பா எத்தனை நாள் இருப்பாரு, தாட்சா? மோட்டார் ரெண்டு தடவை ஓடுதே, அதான் கேட்டேன்." நாளைக்குப் போயிருவாரும்மா என்று சொல்லிவிட்டாள் தாட்சாயிணி. போகவில்லை. எங்கே போவார், காலே இழுத்துக்கொண்டு நடக்கிறவர். அதனால் என்ன செய்தாள்.

என்ன செய்தாள் என்பதில் வந்து மனசு எப்போதும் வழுக்கிவிடும், இருபத்தொன்பது வருஷமாக வழுக்கிக்கொண்டேதான் இருக்கிறது, வேறே எதையாவது பிடித்துக்கொள்ளும், இன்றைக்குப் பாலைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது, பால் இன்னும் பொங்கவில்லை. செருப்பை ஒளித்துவைத்தாள். அப்பாவின் செருப்பை, பெரிய செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது, வாசலிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள், ஜன்னல் எண்ணிப் பார்த்து ஒரு ஜோடி குறைகிறது, கிழவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. வெளியே வெயில், டிவி பாருங்கப்பா என்று அவரை உள்ளேயே உட்காரவைத்தாள், இருமினால் டிவி சத்தத்தைக் கூட்டினாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் டீக்கடை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று வாசலுக்கு வந்தவர் தேடினார். "என் செருப்பு எங்கம்மா?" அவள் அரிசி டின்னை நகர்த்தி எடுத்துக் கொடுத்தாள், என்ன செய்வது, வேறு வழி இல்லை. அப்பா செருப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் அந்த மூன்றையும் கூட்டிப் படிக்கத் தெரிந்தது. "ரேஷன் கார்டு புதுப்பிக்கணும்மா, கடைசித் தேதி, மறந்தே போச்சு பாரு" என்றார். மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். ஆடி மாசத்தில் அவர் இறந்துபோன செய்தி வந்தது. ரேஷன் கார்டு விவகாரம் எதுவும் இல்லை என்று சித்தப்பா சொன்னார். அவளாக அவரைப் போகச் சொல்லவில்லை, வீட்டுக்காரம்மாவும் போகச் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை, ஒரு வாசலும் ஒரு ஜன்னலும் எதிரெதிரே இருந்தன, அவ்வளவுதான்.

எதிரெதிரே. பால் பொங்கி வழிந்து அடுப்பு சர்ரென்று அணைந்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் இந்தத் தடவைதான் பார்த்தாள். மண் நிரப்பிய பிறகு அதன் மேல் மறுபடி இழுத்த கோலப்பொடிக் கோடுகள் தண்ணீர் பட்டுக் கரைந்து லேசாகத் தெரிந்தன. பத்துக்குப் பத்து ரூம், ஒட்டினாற்போல் சமையல்கட்டு, மூலையில் பாத்ரூம், கிழக்கே பார்த்து வாசல், வாசலுக்கு நேரே இந்த ஜன்னல். கரண்டிகூடக் கையிலேயே இருந்தது. அது அயனாவரத்து வீடு. இம்மி பிசகாமல் அதே வீடு. எந்த வீட்டிலிருந்து தப்பித்தோம் என்று இருபது வருஷமாகச் சாமிக்கு நன்றி சொல்கிறாளோ அந்த வீட்டைத் தன் கையாலேயே, குனிந்து குனிந்து, மெச்சிக்கொண்டு, தன் கொல்லையில் வரைந்து வைத்திருக்கிறாள். பதினோரு வருஷம் அங்கே நடந்த காலுக்கு வேறு வீடு தெரியவில்லை போல. கேள்வியும் வாயிலிருந்து வரவில்லை, இந்தப் பிளானிலிருந்துதான் வந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதைத்தான் கேட்பார்கள், நாளைக்கு மேகலா ஒரு கிலோ மீன் வாங்கினால் இவளுக்குத் தெரியும், வாசலில் புதுச் செருப்பு கிடந்தால் இவள் எண்ணுவாள், எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுவாள், கறிவேப்பிலை கொடுத்துக்கொண்டே கேட்பாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் சத்தம் வராமல் இருமப் பழகுவார். தாட்சாயிணி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம், எதிர்பாராத விதமாக, மனசு லேசானது, ஏனென்றால் வாசக்கால் இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது, சுவர் இன்னும் எழும்பவில்லை, மணி ஒன்பதரைதான் ஆகிறது.

கேஸை மூடிவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்கு வந்து, "மேஸ்திரி, நிலை இந்தப் பக்கம் வேணாம், சந்துப் பக்கம் வெச்சுடுங்க" என்றாள். அருளப்பன் போனிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார், பின்னால் இருந்த காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார், சுவரின் மேல் பதித்திருந்த பாட்டில் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். "சந்துப் பக்கம் சுவரு இருக்குதேம்மா." "சுவரை உடைச்சு கேட்டு வெச்சுக்கலாம்." "பாத்ரூமு?" "அதை இந்த மூலைக்குத் தள்ளிக்கங்க, பைப்பு இன்னும் போடலையே. என் ஜன்னல் பக்கம் முழுச் சுவரா எழுப்பிடுங்க, காத்துக்கு ஒரு வென்டிலேட்டர், கண்ணுக்கு எட்டாத உயரத்துல." மேஸ்திரி வாய்க்குள் கணக்குப் போட்டார். "எனக்கொண்ணும் இல்லம்மா, நாலு வரி கல்லு மாத்தி வைக்கணும். ஐயா கிட்ட ஒரு வார்த்தை..." ஐயா அந்த நேரத்துக்குத்தான் நடை வழியாக மாவிலைக் கொத்தோடு வந்து நின்றார். யாரைக் கேட்டு என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்தக் காம்பவுண்டு அவர் கையால் கட்டியது, லீவு போட்டுக் கட்டியது, கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றையும் அவர்தான் பதித்தார், திருடனுக்குப் பயந்து என்பதைவிட, அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

"தாட்சா, கண்ணு முன்னாடி இருக்கணும்னுதானே வாசலை இப்படி வெச்சது" என்றார். "யாரு வர்றா, யாரு போறான்னு நமக்குத் தெரிய வேணாமா? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கற காலம்." "பதினோரு வருஷம் குடியிருந்தோமே, நாம யாரு மடத்தைப் பிடுங்கினோம்?" என்று கேட்டாள் அவள். அவர் வேறு பக்கமாக வந்தார்: "ஜோசியரு கிழக்கு வாசல்னு எழுதிக் கொடுத்திருக்காரே." "மேற்கு வாசலும் நல்லதுதானுங்க" என்று மேஸ்திரி நடுவில் புகுந்தார், "நம்ம வீடே மேற்குதான்." "நீயே வாடகை வீட்ல இருக்கற ஆளு." "ஆமாங்க. முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் கட்டறேன், நான் இருக்கறது வாடகைதான். அதனாலதான் சொல்றேன், எந்தப் பக்கமோ, தனி வாசல்னு ஒண்ணு இருந்தா அதுவே ராசிதான்." பூபாலன் மாவிலையைப் பேஸ்மட்டத்தின் மேல் வைத்தார். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, எங்கிருந்து ஆரம்பிப்பது, இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அப்பா வந்திருந்தப்போ, அவரு செருப்பை நான்..." பூபாலன் அவளைப் பார்க்காமல், கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அரிசி டின்னுக்குப் பின்னாடி. தெரியும். ஷிப்டு முடிஞ்சு வந்து டின்னை நகர்த்தினேன், பாத்தேன். கேட்டா உனக்கு அவமானமா இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன்." அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஒரே அரிசி டின்னுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேஸ்திரியிடம் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றதும், வேண்டாம், என்னுடையதே இருக்கிறது என்று ஷெட்டுக்குப் போனார்.

தாட்சாயிணி மேகலாவுக்குப் போன் போட்டாள், முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும். எடுக்க மாட்டாள், ஏன் எடுக்க வேண்டும், இன்னொரு ஹவுஸ் ஓனர், அவ்வளவுதானே, நாளைக்குப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், விடுங்கம்மா என்பாள், அந்த முள்ளோடு மிச்ச நாளெல்லாம் விழுங்க வேண்டும். பின்னால் முதல் அடி விழுந்தது, கண்ணாடி சலசலவென்று உதிர்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தாள். "சொல்லுங்கம்மா." "மேகலா, நேத்து நான் ஒண்ணு கேட்டேன்." சித்தி வீட்டு வாசலில் இருந்தாள் போல, அந்தப் பக்கம் பஸ் ஹாரன், யாரோ தக்காளி கூவுகிற சத்தம். "எதும்மா?" என்றாள், தெரியாத மாதிரி, நல்ல பெண் அப்படித்தான் கேட்பாள். "அப்பா எத்தனை நாள்னு." "அது எல்லாரும் கேக்கறதுதானேம்மா." "எல்லாரும் கேக்கட்டும், நான் கேட்டிருக்கக் கூடாது. தப்பு. உங்கப்பா அவரு இஷ்டம் போல எத்தனை காலம் வேணாலும் இருக்கட்டும், நான் கேக்க மாட்டேன். அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆட்டோ புடிச்சு வாம்மா, பத்தரைக்குள்ள நிலை வெக்கணும், மஞ்சள் நீதான் பூசணும். முன்பக்கம் வராதே, பின்சந்து வழியா வா." "அங்க வழியே இல்லையேம்மா." "நீ வர்றதுக்குள்ள இருக்கும்" என்றாள் தாட்சாயிணி. மேகலா போனை வைக்கவில்லை, அப்பா என்று அவள் கூப்பிடுகிற குரல் தூரமாகக் கேட்டது, சட்டையைப் போடுங்க என்றது.

வரும் வரைக்கும் வருவாளா என்றுதான் இருந்தது. இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், மணி பத்தே கால், கல் மாற்றி வைத்தாகிவிட்டது, வாசக்காலைத் தூக்கி மேற்கு ஓரத்தில் நிறுத்தித் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தாகிவிட்டது, இரண்டு ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், காம்பவுண்டில் மூன்றடிக்கு ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் செங்கல் தூள் அப்பிய மீசையோடு பூபாலன். ஆட்டோ சத்தம் எது கேட்டாலும் வேறு வீட்டுக்குப் போனது. அவசரப்பட்டுவிட்டோமோ, சுவரையும் உடைத்து, ஜோசியரையும் மீறி, வராவிட்டால் தெரு சிரிக்குமே, சிரிக்கட்டும், இவள் வராவிட்டாலும் வாசல் அந்தப் பக்கமே இருக்கட்டும், இன்னொரு மேகலா வருவாள், ஊரில் மேகலாக்களுக்கா பஞ்சம், வீட்டுக்குத்தானே பஞ்சம். அப்போது ஓட்டை வழியாக ஒரு கைத்தடி முதலில் நுழைந்தது, அப்புறம் கறுப்புக் கண்ணாடி, அப்புறம் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேகலா. கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் அவளுடைய சொந்த முகம். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், நவதானியம் கட்டிய மஞ்சள் துணியை மாவிலையோடு மேலே கட்டினாள், பாலையும் மஞ்சள் தண்ணீரையும் தெளித்தாள். பத்து இருபத்தைந்துக்குத் தேங்காய் உடைந்தது. துரைக்கண்ணுவுக்கு எதிரே இருந்தது நாலு மரச் சட்டம்தான், பக்கத்தில் சுவர் இல்லை, சுற்றிக்கொண்டே போகலாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து, வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்.

காபிக்கு வேறு பால் காய்ச்ச வேண்டியிருந்தது. தூக்கில் ஊற்றி, டம்ளர்களை அடுக்கிக்கொண்டு தாட்சாயிணி சமையல்கட்டுப் பின்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். பத்தடி தூரம், நேரே பேஸ்மட்டத்தில் ஏறினால் ஆயிற்று. வைத்த காலை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு, முன்கேட்டுக்கு வந்து, தெருவில் இறங்கி நடந்தாள். "எங்க தாட்சா, காபியெல்லாம் தூக்கிக்கிட்டு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "பின்வீட்டுக்கு" என்றாள். தெருமுனை திரும்பி, சந்துக்குள் நுழைந்து, ஐந்து வீட்டுக் கொல்லைச் சுவர்களைத் தாண்டி, செங்கல் தூளில் சறுக்காமல் ஓட்டைக்குள் புகுந்து, வாசக்காலுக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே, உடைந்த நாற்காலியைச் செங்கல் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி அதில் துரைக்கண்ணுவை உட்காரவைத்திருந்தார்கள். "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சுவரே இல்லாத வீட்டில் என்ன உத்தரவு. கிழவர் சிரிக்கவில்லை, கறுப்புக் கண்ணாடியைத் திருப்பி, "யாரது?" என்றார். "தாட்சாயிணி. முன்வீடு." "வாங்கம்மா, வாங்க. செருப்பை மட்டும் வெளியவே விட்டுட்டு வாங்க, இப்பத்தான் மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்கு." மேகலா பதறிப்போய், "அப்பா, அவங்கதான் வீட்டுக்காரங்க" என்றாள். "இருக்கட்டுமே" என்றார் அவர். தாட்சாயிணி சிரித்தாள், தூக்கு ஆடிக் காபி கையில் தளும்புகிற அளவுக்குச் சிரித்தாள், கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. கீழே பார்த்தாள். வாசலில் ஏற்கெனவே இரண்டு ஜோடி கிடந்தன. கிழவருடையது பெரியது, தேய்ந்தது, சந்தில் போகிறவர்கள் யாரும் பார்க்கலாம் என்கிற மாதிரி நடுவாசலில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே போனாள்.